தாடை வலிக்குக் கருவி வாங்கலாமா?

அன்புள்ள சிவராமனுக்கு,

நலம். பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி அறிந்து எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கை கமலாவின் தாடை வலியைப் பற்றி நீ எழுதியிருந்ததையும், உடன் அனுப்பிய கருவி விளம்பரத்தையும் நிதானமாகப் படித்தேன். நெடுங்காலம் பல் மருத்துவம் பார்த்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் விரலடியில் அசைவது மூட்டு. பற்களை இறுகக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மெல்லும் தசை. அந்தத் தசையையும் நெற்றிப் பொட்டையும் அழுத்தும்போது வழக்கமான வலி எழுந்தால், கோளாறு பெரும்பாலும் தசையில்தான். மூட்டில் 'கடக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு, வலியில்லாமல் வாயும் தாராளமாகத் திறந்தால் அதற்கு வைத்தியமே வேண்டியதில்லை. காலையில் எழும்போதுதான் வலி அதிகம் என்று எழுதியிருக்கிறாய். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்குமோ என்று ஐயப்படுகிறேன்.

நீ அனுப்பிய தாளில் டென்ஸ், லேசர் என இரண்டு வகைக் கருவிகள் உள்ளன. டென்ஸ் கருவி தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்துகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயிற்கதவு'க் கோட்பாட்டின்படி, தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலியைச் சுமந்துவரும் மெல்லிய இழைகளின் செய்தி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. குறைந்த ஆற்றல் லேசர் திசுவைச் சூடாக்காமல் செல்களின் இயக்கத்தைத் தூண்டி வலியைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டாலும் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்கு இவ்விரண்டையும், பல் மருத்துவர்கள் நாங்கள் காலங்காலமாகச் செய்துகொடுக்கும், பற்களின்மேல் கழற்றி மாட்டும் 'கடித்தகடு' என்ற உறையையும்கூட, அடியோடு தடுக்காவிட்டாலும் பொதுவாக வேண்டாம் என்றே சொல்கிறது. அது உறுதியாகப் பரிந்துரைப்பது பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கைகளால் மூட்டை இளக்குதல், தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துதல், வலியைக் கையாளும் மனநலப் பயிற்சி ஆகியவற்றை. விளம்பரம் அச்சிட இவற்றில் என்ன இருக்கிறது!

ஆனாலும் கருவிகளை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம், அது சிறிய நன்மையன்று. அமெரிக்காவில் 1980களில் தாடை மூட்டின் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு என்ற பகுதியை அகற்றிவிட்டு டெஃப்ளான் கலந்த செயற்கைப் பொருளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அது மெல்லும் அழுத்தத்தில் துகள்களாக உதிர்ந்து சுற்றியிருந்த எலும்பையே அரித்ததால், 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. வலி போனால் போதும் என்று சென்றவர்களில் பலர் நெடுங்காலம் வலியோடு வாழ நேர்ந்தது. ஆகவே பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்கிறேன், மூட்டைத் திறந்து பார்க்கிறேன் என்று யாரேனும் முதல் சந்திப்பிலேயே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை எளியவை. உதடுகள் மூடியிருக்க, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல், நாக்கின் நுனி மேலண்ணத்தில் மெல்லப் பட்டிருக்க வேண்டும். வேலை செய்யும்போது அவ்வப்போது அதைக் கவனிக்கச் சொல். முறுக்கு, கரும்பு போன்றவற்றைக் கொஞ்சநாள் தவிர்க்கட்டும். கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தபின், நாக்கை அண்ணத்திலேயே வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடட்டும். பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடங்குவது நல்லது. இதற்குப் பிறகும் டென்ஸ் வேண்டுமென்றால், முதலில் அவரிடமே பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கு. பேஸ்மேக்கர் வைத்துள்ள உன் அண்ணன் மட்டும் அதைத் தொடவே கூடாது. இப்படிப்பட்ட பொருள் வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒட்டிப் பார்ப்பது நம் வழக்கம், அதனால்தான் சொல்கிறேன்.

வாயை முடிந்தவரை திறக்கச் சொல்லி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையிலான தூரத்தைச் சிறிய அளவுகோலால் அளந்து எழுது. 40 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. வெகுவாகக் குறைந்திருந்தாலோ, வீக்கம், காய்ச்சல், உணர்வின்மை ஏதேனும் இருந்தாலோ என் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்.

அன்புடன்,
ராமநாதன்