டேட்டா சென்டருக்கு மின்சாரம்: ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் பெருகுவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 'இத்தனை மெகாவாட்டுக்கு எங்கே போவது' என்பதே முதல் கேள்வியாக வருகிறது. நியாயமான கேள்விதான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆனால் புதிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: டேட்டா சென்டருக்கு இணைப்பு தரும்போது போடும் ஒப்பந்தத்தைச் சரியாக எழுதுவது. அதில் கோட்டை விட்டால், உற்பத்தி எவ்வளவு இருந்தாலும் சென்னை வட்டார மின்கட்டமைப்பு தடுமாறும்.

2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் நடந்ததை நம் பொறியாளர்கள் பாடமாகவே படிக்க வேண்டும். 230 கே.வி. லைன் ஒன்றில் மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்கும் சர்ஜ் அரெஸ்டர் பழுதானது. லைனைத் தானாக மீண்டும் இணைக்கும் ஏற்பாடு திரும்பத் திரும்ப முயன்றதில், 82 நொடிக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. ஒவ்வொரு சரிவும் கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அங்குள்ள டேட்டா சென்டர்களின் யுபிஎஸ்களில் பல, ஒரு நிமிடத்துக்குள் மூன்று சரிவு வந்தால் மாற்று மின்சாரத்துக்குப் போய்விடும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஆள் வந்து கையால் மாற்றும்வரை அவை கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, திரும்பா. சுமார் 60 டேட்டா சென்டர்கள், 1,500 மெகாவாட், ஒரே மூச்சில் கிரிட்டை விட்டு விலகின. அதிர்வெண் இயல்பான 60 ஹெர்ட்ஸிலிருந்து 60.047 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. மின்னழுத்தம் இயல்பைவிட 7 சதவீதம் வரை உயர்ந்தது. மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடிக்கும் கெபாசிட்டர் பேங்குகளை இணைப்பிலிருந்து விலக்கித்தான் அதைக் கீழே இறக்கினார்கள். விலகிய சுமை முழுவதும் திரும்பப் பல மணி நேரம் ஆனது.

இந்தியாவின் கிரிட் மிகப் பெரியது. அதிர்வெண்ணைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நமக்குக் கவலை தர வேண்டியது மின்னழுத்தம். சென்னைக்குள் உயரழுத்த மின்சாரம் கணிசமாக நிலத்தடி கேபிள் வழியே வருகிறது. கேபிள் என்பது ஒரு நீண்ட கெபாசிட்டர். சுமை குறைந்தால் மின்னழுத்தத்தை மேலே தள்ளும். ஒரே துணை மின் நிலையத்திலிருந்து 200 மெகாவாட் சட்டென்று விலகினால், டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டேப் சேஞ்சர் நகர்ந்து சரிசெய்யப் பல நொடிகள் வேண்டும். அதுவரை அதே பஸ்பாரில் (துணை மின் நிலையத்தின் பொது இணைப்புக் கம்பி) இருக்கும் மருத்துவமனைகளும் வீடுகளும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

யுபிஎஸ் பேட்டரிக்கு இந்தச் சரிவுகள் ஒரு பொருட்டே அல்ல. 220 கே.வி. லைனில் பழுதை 160 மில்லி நொடிக்குள் நீக்க வேண்டும் என்பது நம் விதி. அந்த நேரத்தைப் பேட்டரி சுலபமாகக் கடந்துவிடும். சிக்கல் குளிரூட்டும் பக்கத்தில் இருக்கிறது. சில்லர்கள் எனும் குளிரூட்டும் இயந்திரங்கள் பெரும்பாலும் யுபிஎஸ்ஸில் இருப்பதில்லை. மின்னழுத்தம் பாதியாகச் சரிந்தாலே அவற்றின் கான்டாக்டர் (இணைப்பைப் பிடித்திருக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். கம்ப்ரசர் மறுபடி ஓடச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சர்வர் அறை சூடேறும். அதனால்தான் நடத்துபவர்கள் 'சந்தேகம் வந்தால் ஜெனரேட்டருக்குப் போ' என்று அமைத்துவைக்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது சரியே. கிரிட்டின் பார்வையில் ஆபத்து. சில்லரின் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டை மட்டும் சிறு யுபிஎஸ்ஸில் போட்டு, மின்னழுத்தம் குறைந்தால் இணைப்பைத் துண்டிக்கும் குறை மின்னழுத்த ரிலேயின் தாமதத்தைச் சற்றுக் கூட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆகவே ஒப்பந்தத்தில் வர வேண்டியவை: எந்த அளவு சரிவை எவ்வளவு நேரம் தாங்கி நிற்க வேண்டும் என்ற வரைகோடு, சரிவுகளை எண்ணி நிரந்தரமாக விலகும் அமைப்புக்குத் தடை, விலகியவை திரும்பும்போது மின்சுமையை நிர்வகிக்கும் லோடு டிஸ்பாட்ச் சென்டரின் அனுமதியோடு படிப்படியாகச் சுமையேற்றுவது, இணைப்பு முனையில் கோளாறுகளைப் பதிவுசெய்யும் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நடக்கும் இடமானால் இன்னொன்றும் தேவை. ஆயிரக்கணக்கான சிப்கள் ஒரே தாளத்தில் கணக்கிட்டு, ஒரே தாளத்தில் ஓய்வதால் சுமை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். இத்தனை நொடியில் இத்தனை மெகாவாட்டுக்கு மேல் மாறக்கூடாது என்ற வரம்பு வேண்டும்.

அடுத்தது, இரட்டை ஃபீடர். ஒவ்வொரு டேட்டா சென்டரும் இரண்டு வழிகளில், ஒவ்வொன்றிலும் முழு அளவு மின்சாரம் கேட்கும். 100 மெகாவாட் எடுப்பவருக்காக 200 மெகாவாட் டிரான்ஸ்பார்மர் திறன் முடங்கும். இரண்டாவது வழியைப் பலருக்கும் பொதுவான மாற்று வழியாக வைத்து, அதற்குத் தனிக் கட்டணம் வசூலிப்பதே நியாயம்.

இருக்கும் வழிகளில் இடம் பண்ணவும் முடியும். பழைய 110 கே.வி. லைனில் பாந்தர் எனும் வழக்கமான வகைக் கம்பியை இறக்கிவிட்டு, அதே கோபுரங்களில் உயர் வெப்பம் தாங்கும் குறைந்த தொய்வுக் கம்பியை ஏற்றினால் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் போகும். புதிய நில எடுப்பு இல்லை. ஆனால் இரு முனையிலும் உள்ள சி.டி.க்கள் (மின்னோட்டத்தை அளக்கும் டிரான்ஸ்பார்மர்கள்), ஐசொலேட்டர்கள் (துண்டிப்பு சுவிட்சுகள்), ஜம்பர்கள் (இணைப்புக் கம்பிகள்) ஆகியவற்றை மாற்றாமல் விட்டால் கம்பி மாற்றிய செலவு வீண். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதால் குறுகிய தூரத்துக்கே இது பொருந்தும்.

பணத்தைப் பொறுத்தவரை, கேட்கப்படும் மெகாவாட் எல்லாம் வரப்போவதில்லை. ஒரே நிறுவனம் பல ஊர்களில் விண்ணப்பித்துவிட்டு ஓரிடத்தில் கட்டும். 2025 ஜூலையில் ஒஹாயோ மாநில ஒழுங்குமுறை ஆணையம், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய டேட்டா சென்டர்கள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கேட்ட அளவில் 85 சதவீதத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றது. சுமையைப் படிப்படியாக ஏற்றும் காலத்தையும் சேர்த்து 12 ஆண்டு வரை. அங்குள்ள ஏ.இ.பி. மின் விநியோக நிறுவனத்தின் வரிசையில் நின்ற 30,000 மெகாவாட் கோரிக்கை, 13,000 ஆகச் சுருங்கியது. நம்மிடம் ஒப்பந்த மின்தேவையில் 90 சதவீதத்துக்காவது டிமாண்ட் கட்டணம் என்ற விதி இருக்கிறது. ஆனால் ஒரு துணை மின் நிலையத்தின் செலவை மீட்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். நடுவில் மின்தேவையைச் சரண்டர் செய்துவிட்டுப் போனால் மிச்சச் சுமை வீட்டு நுகர்வோர் தலையில் விழும். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தும் உறுதிமொழியும், வங்கி உத்தரவாதமும் கட்டாயமாக வேண்டும்.

கடைசியாக, நெருக்கடி நேரம். டியூக் பல்கலைக்கழகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, புதிய பெரும் சுமைகள் ஆண்டு மின்சாரத்தில் 0.25 சதவீதத்தை மட்டும், சராசரியாக 85 மணி நேரத்தில் குறைத்துக்கொண்டால், அமெரிக்க கிரிட் 76,000 மெகாவாட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்கிறது. நமக்கு அந்த மணி நேரங்கள் எவை என்பது ஊகிக்கக் கடினமல்ல: ஏப்ரல், மே மாதங்களின் இரவு. சூரிய மின்சாரம் போயிருக்கும், காற்றுப் பருவம் தொடங்கியிருக்காது, சென்னை முழுக்க ஏ.சி. ஓடும். அந்த நேரத்துக்கு டேட்டா சென்டர் வளாகத்திலேயே இரண்டு மணி நேரப் பேட்டரி வைக்க ஒப்புக்கொள்பவர்களுக்கு முதலில் இணைப்பு தரலாம். டீசல் ஜெனரேட்டரை இதற்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் புகை சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்குத்தான் போகும்.

இவற்றைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு தனி ஆணையாகவே வெளியிடலாம். அதற்கு முன்பே மின் பகிர்மானக் கழகம் தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஏற்கெனவே இணைப்பில் உள்ள ஒவ்வொரு டேட்டா சென்டரிடமும், அதன் யுபிஎஸ், குறை மின்னழுத்த ரிலே ஆகியவற்றின் செட்டிங் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குவது.

மின் பரிமாற்றப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை