எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்’ சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் ‘இல்லையா?’ என்று ஒட்டிவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் ‘யூ ஆர் கமிங், இஸன்ட் இட்?’ என்கிறோம். வர வேண்டியது ‘ஆரன்ட் யூ?’.

இந்த வால் கேள்வியை அமைக்க, முதலில் வாக்கியத்தின் துணைவினையை, அதாவது ‘ஆர்’, ‘கேன்’ போன்ற சொல்லைப் பிடியுங்கள். வாக்கியம் உடன்பாடு என்றால் வால் எதிர்மறை. எதிர்மறை என்றால் உடன்பாடு. ‘ஹி கேன் டிரைவ், கான்ட் ஹி?’ துணைவினை கண்ணில் படாத இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘ஷி டீச்சஸ் மேத்ஸ்’ என்றால் ‘டஸன்ட் ஷி?’, ‘தே வென்ட் ஹோம்’ என்றால் ‘டிடன்ட் தே?’. ‘ஐ ஆம் லேட்’டுக்கு ‘ஆரன்ட் ஐ?’. விநோதம்தான், ஆனால் வழக்கு அதுவே. ‘நோபடி கேம்’ ஏற்கெனவே எதிர்மறை, ஆகவே ‘டிட் தே?’.

தெரியாமல் கேட்டால் கடைசியில் குரல் ஏறும். தெரிந்ததற்கு ஒப்புதல் தேடினால் இறங்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இது வரவே வராது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பதில் சொல்வதில் இன்னொரு குழி. ‘யூ டிடன்ட் ஈட், டிட் யூ?’ என்றால், சாப்பிடாதவர் தமிழ் வாக்கில் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பார். ஆங்கிலத்தில் அது ‘நோ, ஐ டிடன்ட்’. வெறும் ‘யெஸ்’ சொன்னால், சாப்பிட்டாயிற்று என்று எண்ணி இலையை எடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர், மதுரை