வீடுகளும் கடைகளும் சேர்ந்த நம் வளாகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வீட்டு உரிமையாளர்களுக்கும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருக்கும் கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான அறிக்கை இது. குழு இந்த ஆண்டு பதினொரு முறை கூடியது. அதில் ஒன்பது கூட்டங்களில் பார்க்கிங்தான் பேச்சு. ஆகவே மற்றதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். லிஃப்ட் கயிறு மாற்றியாயிற்று. மேல்நிலைத் தொட்டி இரண்டு முறை கழுவப்பட்டது. மொட்டை மாடியில் அடித்த பூச்சு முதல் மழையைத் தாங்கியது, இரண்டாவது மழையைத் தாங்கவில்லை. வேலை செய்தவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி பார்க்கிங். பின்பக்கம் ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள இடங்களில், பிரச்சினை இல்லை. சண்டை எல்லாம் முன்வாசலிலும் பக்கவாட்டிலும் உள்ள 24 திறந்தவெளி இடங்களுக்குத்தான். பல வருடமாக 12 வீடுகளுக்கு, 12 கடைகளுக்கு என்று நடுவில் மஞ்சள் கோடு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆற்காடு சாலையில் சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலைக்குத் தடுப்பு வைத்த பிறகு, சாலையோரம் நின்ற வண்டிகள் எல்லாம் உள்ளே வரத் தொடங்கின. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்க, இந்தப் பக்கம் ஹாரன் சத்தம். சிலர் தங்கள் இடத்தில் சிமென்ட் ஊற்றிக் கம்பி நட்ட பெயின்ட் டப்பாவை வைத்தார்கள். ஒருவர் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வைத்தார். அந்த நாற்காலி எட்டு மாதம் ஒரு காரின் இடத்தை அனுபவித்தது.

இடம் போதவில்லை, பின்சுவரை இடித்தாவது நான்கு இடம் சேர்க்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றவர் இரண்டாம் மாடியில் இருக்கும் கட்டட வடிவமைப்பாளர். வீடு, கடை, அலுவலகம் கலந்த வளாகத்துக்கு ஒவ்வொன்றின் உச்ச நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டக் கூடாது, மணிவாரியாகக் கூட்ட வேண்டும் என்பது புது யோசனை இல்லையாம். நிலப் பயன்பாட்டை ஆராயும் அமெரிக்காவின் அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட் 1983-லேயே இதற்கு ஒரு கையேடு போட்டிருக்கிறது. சரி என்று ஜூன் மாதம் இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிறும், காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை, நானும் வாட்ச்மேன் அண்ணனும் அரை மணிக்கு ஒரு தடவை நோட்டில் குறித்தோம். அவர் கார் நம்பரைப் பார்க்காமலே யார் வண்டி என்று சொல்லிவிடுவார். நான் குனிந்து குனிந்து பார்த்து எழுதியதுதான் மிச்சம்.

நோட்டு சொன்னது இதுதான். வீட்டுக்காரர்களின் வண்டி அதிகபட்சம் 15, அது இரவு 10 மணிக்கு. கடைகளுக்கும் அலுவலகத்துக்கும் வருகிற வண்டி அதிகபட்சம் 17, அது காலை 11 மணிக்கு. தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் 32 இடம் வேண்டும். ஆனால் காலை 11 மணிக்கு வீட்டு வண்டி நான்குதான் நிற்கிறது, ஆக மொத்தம் 21. இரவு 10-க்கு கடை வண்டி ஒன்றே ஒன்று, மொத்தம் 16. ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட 20-ஐத் தாண்டவில்லை. நமக்கு உண்மையிலேயே முட்டுகிற நேரம் ஒன்றுதான்: மாலை ஏழு, ஏழரை. ஆபீஸிலிருந்து வீட்டுக்காரர் திரும்புகிறார், பல் மருத்துவரிடம் கூட்டம், டியூஷன் விடுகிறது, டிபன் கடையில் தோசைக்கல் காய்கிறது. அப்போது 26. இருக்கிற 24-க்கு இரண்டு அதிகம். பின்சுவர் தப்பித்தது.

அந்த இரண்டைக் குறைக்கப் பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. டியூஷன் ஆசிரியை கடைசி வகுப்பை அரை மணி முன்னால் முடிக்க ஒப்புக்கொண்டார். அதில் காத்திருக்கும் பெற்றோர் வண்டி மூன்று குறைந்தது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் ஒருவர், ஸ்டில்ட் இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன் காரைத் துணி போர்த்தி முன்வாசலில் நிறுத்தியிருந்தார். துணி மேல் வேப்பம்பூ உதிர்ந்து காய்ந்து கிடந்தது. இரண்டு முறை போனில் பேசிய பிறகு அவர் மைத்துனர் வந்து ஓட்டிப் போனார். மிச்சப்பட்டதில் ஒரு கார் இடத்தை பைக்குகளுக்குக் கொடுத்தோம். இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடத்தில் ஐந்து பைக் நிற்கும் என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிய பிறகே எல்லோரும் நம்பினார்கள்.

"நான் பில்டரிடம் காசு கொடுத்து வாங்கின இடம்" என்ற வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 ஆகஸ்ட்டில் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தின்படி ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூட பில்டர் தனியாக விற்க முடியாது என்றது. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதி என்கிறது. நம் குழு வழக்காட விரும்பவில்லை. எல்லோரின் கிரையப் பத்திரத்தையும் வாங்கி வாசித்தோம். ஸ்டில்ட் இடங்களுக்குப் பத்திரத்தில் எண் இருக்கிறது, அதைத் தொடவில்லை. முன்வாசல் எந்தப் பத்திரத்திலும் யார் பெயரிலும் இல்லை.

கடைக்காரர்கள் தரப்பில் மருந்துக்கடை அண்ணன் கேட்ட கேள்விக்குக் குழுவில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை: "சதுர அடிக் கணக்கில் லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் பராமரிப்புப் பணம் கட்டுகிறோம். லிஃப்டில் நாங்கள் கால் வைத்ததே இல்லை. வாசலில் எங்கள் கஸ்டமர் அரை மணி நேரம் நிற்கக் கூடாதா?"

ஆகஸ்ட் 1-ஆம் தேதி மஞ்சள் கோட்டை அழித்தோம். பெயர் போட்ட இடம் கிடையாது. காலை 9 முதல் இரவு 9 வரை யாரும் எங்கும் நிறுத்தலாம்; 9-க்குப் பிறகு வீட்டு ஸ்டிக்கர் உள்ள வண்டி மட்டும். முதல் வாரமே விதி உடைந்தது. ஒன்பதே காலுக்கு வந்த ஐந்தாம் மாடி சார், வழியை மறித்து நின்ற காரைப் பார்த்து ஹாரனை அழுத்திப் பிடித்தார். கார்க்காரர் மேலே பல் மருத்துவரிடம் வேர் சிகிச்சையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கிறார். எழுந்து வரவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. கடைசியில் சாவியை நர்ஸ் அம்மா கொண்டு வந்து கொடுக்க, ஹாரன் அடித்த சாரே வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அன்றிலிருந்து கேட்டில் வாட்ச்மேன் ஒரு சீட்டில் வண்டி எண், போகும் கடை, போன் எண் மூன்றையும் எழுதி வாங்குகிறார். எட்டரைக்கு மேல் வரும் நோயாளியிடம் சாவியையும் வாங்கி வைக்கிறோம்.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்து, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திய படத்தை எல்லோரும் பார்த்தோமே, அந்த இரண்டு நாள் எனக்கு உள்ளூர பயம். யாரும் வெளியே போகாத நாளில் நம் கணக்கு பொய்த்துவிடும். ஆனால் கடைகளும் மூடியிருந்ததால், பின்னால் தாழ்வான ஸ்டில்ட்டில் நின்ற கார்களில் ஏழெட்டை முன்வாசலுக்கு ஏற்றிவிட்டோம். கோடு இருந்திருந்தால் அன்று யார் இடம் என்ற பேச்சிலேயே தண்ணீர் வந்திருக்கும்.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூலை, செப்டம்பர் மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் கூட்டத்தில் நண்பகலும் நிரம்பிவிடுகிறது; அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. நாலாம் மாடி மாமி, மருத்துவமனைக்குப் போகும் தன் கார் எப்போதும் லிஃப்ட் அருகே நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நியாயம். முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடம் நிரந்தரமாக ஒதுக்கியிருக்கிறோம். மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் இடம் கேட்ட விண்ணப்பம் அடுத்த குழுவுக்குப் போகிறது.

இன்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆகஸ்ட் 1 ஏற்பாட்டைத் துணைவிதியில் சேர்ப்பது. மற்றொன்று, மாலை 6 முதல் 9 வரை கேட்டில் கூடுதல் ஆள் ஒருவருக்கான சம்பளத்தைக் கடைகளும் வீடுகளும் பாதிப் பாதி ஏற்பது. கடைக்காரர்கள் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பாக்கள் நான்கு வாட்ச்மேன் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் இம்மாதக் கடைசிக்குள் எடுத்துச் செல்லவும்.

இங்ஙனம்,
செயலாளர்