வூ வெய் என்பது சும்மா இருப்பதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த, பழஞ்சீனாவின் தாவோ தத்துவம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்தத் தத்துவத்தின் மூல ஞானியான லாவோட்சுவைப் பற்றித் தமிழில் இவ்வளவு எளிமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘வூ வெய்’ (செயலின்மை) என்று அவர் சொல்வது கையைக் கட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று இருப்பதுதான் என்ற பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை.

தாராவியில் தோல் வெட்டுவது என் தொழில். அதனாலேயே, சுவாங்சி என்ற இன்னொரு பழைய தாவோ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும், வூ வெய்க்கு உதாரணமாகச் சொல்லப்படும் திங் என்ற சமையல்காரரின் கதை எனக்கு மிக நெருக்கம். வென்ஹுய் என்ற பிரபுவின் முன்னால் அவர் ஒரு மாட்டைக் கூறுபோடுகிறார். சாதாரண ஆள் கொத்திக் கொத்தி மாதம் ஒரு கத்தி மாற்றுகிறான். கைதேர்ந்தவன் வருடம் ஒன்று. திங்கின் கத்திக்கு வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும், இப்போதுதான் சாணை பிடித்தது போல இருக்கிறது. மூட்டுகளில் இயல்பாகவே இடைவெளி உண்டு, கத்தி அந்த வழியாகத்தான் போகிறது என்கிறார். சிக்கலான இடம் வந்தால் நிதானித்து, கண்ணை அங்கேயே நிறுத்தி, கத்தியை மெல்ல நகர்த்துகிறார். இவ்வளவு கவனத்தையா சும்மா இருப்பது என்று சொல்வது?

தோலில், முதுகுத்தண்டுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு நீளும். பெல்ட் என்றால் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் வெட்ட வேண்டும். புதிதாக வரும் பையன்கள் இடம் கிடைத்த பக்கம் அளவு அட்டையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார்கள். தடவிப் பார்த்தே தோலின் போக்கு தெரிகிற காலம் வந்தால் கை தானாக லேசாகிவிடும். அதற்கு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். மாட்டை முழு மாடாகப் பார்ப்பது நின்று, உள்ளே இருக்கும் மூட்டும் இடைவெளியும் தெரியவே திங்குக்கு 3 வருடம் ஆனதே!

லாவோட்சுவின் நூலிலும் 78ஆம் அத்தியாயம் இதையேதான் பேசுகிறது. நீரைப் போல் மென்மையானது இல்லை, ஆனால் கடினமானதை வெல்ல அதை மிஞ்சியதும் இல்லை என்கிறார். அந்த நீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

பொழைப்புக்காக ஊரைவிட்டு வந்த பையன்கள் எங்கள் பட்டறையில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். முயற்சியே வேண்டாம் என்று ஒரு பெரிய ஞானி சொன்னதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது. திங்கின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வெளியிடுங்கள் ஐயா. சாப்பாட்டு நேரத்தில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தோல் தொழிலாளி ஒருவர்,
தாராவி, மும்பை