பட்டிமன்றமும் பாவாடைப் புரளியும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். "வர்ற வருசம் பையனுங்களுக்குப் பாவாடைதான் யூனிபாரமாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எனக்கும் வந்து சேர்ந்தது. அதை நம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தவர்களில் சிலர் கொஞ்சம் சூடாகவே பேசினார்கள். முதலில் அதை முடித்துவிடுகிறேன். நம்முடையது அரசுப் பள்ளி. சீருடையின் துணியும் நிறமும் சென்னையில் முடிவாகின்றன. சட்டைப் பட்டனை மாற்றக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. அப்படி ஒரு திட்டமும் இல்லை.

நடந்தது என்னவென்றால், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடத்தினார்கள். வேலை பார்க்கும் இடத்தில் ஆணுக்கு ஒரு உடை, பெண்ணுக்கு ஒரு உடை என்று விதி போடுவது சரியா என்பது தலைப்பு. தலைப்பு அவர்களுடையது, அனுமதி என்னுடையது. 2017 ஜூன் மாதம் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தியபோது நடந்த இரண்டு சம்பவங்களை ஒரு மாணவி எடுத்துச் சொன்னாள். பிரான்சில் நான்ட் நகரப் பேருந்து ஓட்டுநர்களுக்கு அரைக்கால் சட்டை போட அனுமதியில்லை, பெண் ஓட்டுநர்கள் மட்டும் பாவாடை அணியலாம். ஆண்களும் பாவாடை கட்டிக்கொண்டு வண்டி ஓட்ட வந்துவிட்டார்கள். அதே வாரம் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பள்ளி ஒன்றில் அதே கதை. அரைக்கால் சட்டை கேட்டு மறுக்கப்பட்ட பையன்கள் பள்ளி விதியிலேயே இருந்த பாவாடையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அரைக்கால் சட்டை உண்டு என்று பள்ளி இறங்கி வந்தது. வீட்டில் உங்கள் பிள்ளைகள் சொன்னது இந்தக் கதையின் பாதியாக இருந்திருக்கும்.

எதிரணியும் சும்மா இருக்கவில்லை. ஓசூர் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கேட்டு வந்து ஒரு மாணவன் பேசினான். ஓடுகிற லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின், பக்கம் துப்பட்டாவோடு போக முடியாது, வேட்டியோடும் போக முடியாது, தொளதொள சட்டைக்கையும் ஆகாது. சுற்றும் உருளை எதைப் பிடித்தாலும் ஆளையே உள்ளே இழுத்துவிடும். ஷூவும் தலைமுடிக்கு வலையும் எல்லோருக்கும்தான். "உடைக்கு விதியே கூடாதுன்னு சொல்லாதீங்க" என்றான். எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். அந்த விதி யாரையும் ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துப் போட்டது. காரணம் கேட்டால் யாரும் காட்ட முடியும். நம் பள்ளியில் பெண் ஆசிரியர்கள் பலகாலம் புடவையில்தான் வர வேண்டியிருந்ததே, அதற்குக் காரணம் கேட்டால் "அது அப்படித்தான்" என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. 2019இல் அரசு ஊழியர் உடை பற்றி வந்த உத்தரவில் பெண்களுக்குப் புடவையோடு துப்பட்டா போட்ட சுடிதாரும் உண்டு, ஆண்களுக்குப் பேண்ட்டோடு வேட்டியும் உண்டு.

வேட்டிக்கே நம் ஊரில் சட்டம் போட வேண்டி வந்ததைப் பிள்ளைகள் நம்பவில்லை. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடித் தடுத்தால் தண்டனை என்று சட்டம் இயற்றியது. ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட் என்ற மடிப்புப் பாவாடைக்கும் பெரிய கதையுண்டு. 1746இல் அதை லண்டன் அரசு தடை செய்தது, 1782 வரை தடை நீடித்தது. காரணம் நாணமல்ல, அதைக் கட்டிய மலைநாட்டு வீரர்கள் மறுபடி கலகம் செய்வார்கள் என்ற பயம். இடுப்பில் தைக்காத துணியைச் சுற்றிக்கொண்டு பரம்பரையாக வாழ்ந்துவிட்டு, பாவாடை கட்டிய ஆணைப் பார்த்து நாம் சிரிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பட்டிமன்றம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ஆண்டு விழாவுக்கு நம் பிள்ளைகள் துகிலுரிதல் கூத்து பழகுகிறார்கள். பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். யாரென்று எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே பெயர் எழுதவில்லை. நல்ல குரல், அடவும் சுத்தம். பட்டிமன்றத்துக்கு அடுத்த நாள் அவன் பெஞ்சில் சாக்பீஸால் ஒரு சொல் எழுதியிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு நாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்றான்.

திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கூத்து விடியவிடியப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துரியோதனன் வேஷமே இடுப்பில் பாவாடை விரித்துக் கட்டித்தான் ஆடுகிறது. பாஞ்சாலி கூந்தலை விரித்துக்கொண்டு சபைக்கு வரும்போது, வேஷத்துக்குள் இருப்பது மீசை மழித்த நம் ஊர்க்காரர்தான் என்று தெரிந்தும் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அந்த மரியாதை பள்ளிக்கூட வாசலோடு நின்றுபோவது ஏனென்று எனக்குப் புரியவில்லை. ஒரு பெண் பிள்ளை பேண்ட் போட்டால் "பரவாயில்லை, தைரியசாலி" என்கிறோம். பையன் புடவை சுற்றினால் அவனுக்கு ஏதோ பதவி இறங்கிவிட்டதுபோல் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் அடி படுவது அவன் மட்டுமல்ல, பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெண் பிள்ளைகளும்தான். பட்டிமன்றத்தில் யாராவது இதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

எழுதியவர்கள் யாரென்று தெரிந்துவிட்டது. அவர்கள் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறேன், ஊர் முன்னால் பேசப் போவதில்லை. பையன் மறுபடி ஒத்திகைக்கு வருகிறான். வேஷத்தை மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னீர்கள். மாற்ற மாட்டேன். அவனே வேண்டாமென்றால் அது வேறு, அவன் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம், வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பட்டிமன்றம் பற்றியும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். லுங்கியில் வந்தால் உள்ளே விடுவார்களா என்று ஒரு அப்பா கேட்டனுப்பியிருந்தார். தாராளமாக வரலாம். காட்டு வேலையிலிருந்து நேராக வருகிறவர்கள் உடை மாற்றப் போய் நேரத்தை விட வேண்டாம், கேட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாஞ்சாலிக்குச் சிவப்பில் ஒரு பழைய பட்டுப்புடவை தேவைப்படுகிறது. கொஞ்சம் கிழிந்திருந்தாலும் சரி, தைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள், விழா முடிந்ததும் துவைத்துத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்