கடைசிக் காசைக் கொடுக்கும் முன் ‘மீள உருவாக்கு’ என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் கூட்டுறவுச் சங்கம், அரிசி ஆலை, ரியூசன் நிலையம் என்று நடத்துவோரில், கணக்கு மென்பொருளை வாடகைச் சேவரில் டொக்கர் கொன்டெயினராக (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறை) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ப்ளெஸ்க் போன்ற கட்டுப்பாட்டுப் பலகத்தில் எல்லாமே பொத்தான்தான். வினையும் அங்கேதான் இருக்கிறது.

புதிய பதிப்புக்கு மாற ‘மீள உருவாக்கு’ என்பதை அழுத்தினால் பழைய கொன்டெயினர் போய்ப் புதியது எழும்பும். பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான மரியாடிபி தன் தரவை வைப்பது /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் அடைவில். வொலியூம் மப்பிங் (கொன்டெயினருக்கு வெளியே தரவு தங்கும் இடத்தை இணைப்பது) பகுதியில் அந்தப் பாதையையும் சேவரிலுள்ள அடைவொன்றின் முழுப் பாதையையும் இணைத்திருக்க வேண்டும். இணைக்காவிட்டால் புதியது வெறும் டேட்டாபேஸோடு எழும்பும். நேற்றைய நெல் கொள்வனவுப் பதிவு ஒன்றும் இராது. உடனே பதறிச் சேவரைத் துடைத்துவிடாதீர்கள். பழைய தரவு பெயரில்லாத வொலியூம் ஒன்றில் இன்னும் கிடக்கக்கூடும். டொக்கர் வொலியூம் பட்டியலில் முதலில் தேடுங்கள்.

கொன்டெயினரை உருவாக்கும் மூலப் பொதியான இமேஜின் பதிப்பாக ‘லேட்டஸ்ட்’ என்று விடுவதும் பிழை. மரியாடிபிக்கு 10.11 என்று எண்ணைக் குறித்தே வையுங்கள். இமேஜை இறக்குவது சேவர்தான், உங்கள் போன் டேட்டா அல்ல. இடையில் கரண்ட் போனாலும் அங்கே வேலை நடக்கும்.

கணக்கு மென்பொருளின் போர்ட்டை (இணைப்பு வாசல்) சேவருக்குள்ளேயே எட்டும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டி, வெளிக் கோரிக்கையை உள்ளே கடத்தும் என்ஜின்எக்ஸ் புரொக்சி விதி வழியாகத் தளத்தோடு இணையுங்கள். எல்லா முகவரிக்கும் திறந்துவிட்டால் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோல் தடுக்கும் என்று நம்ப முடியாது, டொக்கர் தன் விதிகளை அதற்கு முன்பே செருகிவிடும். நினைவக எல்லையும் நீங்கள் போட்டால்தான் உண்டு. 2 ஜிபி சேவரில் ஒரு கொன்டெயினரே எல்லாவற்றையும் விழுங்கினால் இயங்குதளத்தின் மையமான கேர்னல் அதைக் கொல்லும். 137 என்ற குறியீட்டோடு நின்றிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ப்ளெஸ்க்கின் பக்கப் (காப்புப் பிரதி) கொன்டெயினரைச் சேர்த்து எடுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே பிரதி பண்ணினாலும் திரும்ப ஏற்றும்போது பழுதாகலாம். ஒவ்வொரு இரவும் டம்ப் (டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்வது) எடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்புவதே சரி.

மென்பொருள் செய்து தந்தவருக்குக் கடைசிக் காசைக் கொடுக்கும் முன், ஒரு சோதனைப் பற்றுச்சீட்டைப் பதிந்து, டம்ப் ஒன்றும் எடுத்துவிட்டு, உங்கள் கண்முன்னே கொன்டெயினரை மீள உருவாக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் காசைக் கொடுங்கள். தயங்கினால் வொலியூம் பாதையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேவர் பராமரிப்போர் சிலர்,
கிளிநொச்சி.