செனெட் பெட்டி செய்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் செய்த செனெட் பெட்டியை அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். யார் என்று சொல்லப் போவதில்லை, கடையில் பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பெட்டிகளிலும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான் இருந்தது: 5000 ஆண்டு பழைய எகிப்திய விளையாட்டு, அசல் விதிகளோடு. (பெயரைக் கேட்டதும் "அமெரிக்காவுல இருக்கே, அந்த செனட்டா?" என்றாள் அக்கா. அது வேறு, இது வேறு.)

மூன்றாவது ஆட்டத்தில் அவனுடைய காய் 27-ஆம் கட்டத்தில் விழுந்தது. உங்கள் தாளில் அந்தக் கட்டத்துக்கு ஒரு மண்டை ஓடு வரைந்து, விழுந்தால் 15-க்குத் திரும்பிப் போ என்று போட்டிருந்தீர்கள். பழமாக வேண்டிய காய், பையனுக்குக் கோபம். "யாரு மாமா இப்படிச் சொன்னது?" என்றான். எகிப்துக்காரர்கள் என்றேன். "எங்க எழுதி வெச்சிருக்காங்க?"

எங்கும் எழுதி வைக்கவில்லை, அதுதான் விஷயம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலகைகள் கிடைத்திருக்கின்றன, காய்கள் கிடைத்திருக்கின்றன, சக்காராவில் ஹெசி-ரா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் கி.மு. 2650 வாக்கில் தீட்டிய செனெட் பலகையே இருக்கிறது. எப்படி ஆடுவது என்று சொல்லும் ஒரு விதித்தாள் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. இன்று நாம் ஆடுவதெல்லாம் திமோத்தி கெண்டல், ஆர். சி. பெல் போன்ற ஆய்வாளர்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஓவியங்களையும் பலகைகளையும் சிதைந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களையும் வைத்து யோசித்து அமைத்தவை. இருவரும் சொல்வது ஒன்றுபோல இல்லை. நல்ல உழைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஊகம் என்று வைத்ததை நீங்கள் அசல் என்று அச்சடிக்கிறீர்கள், அவர்கள் பெயரைக்கூடப் போடாமல்.

சரி, விதியை விடுங்கள். என் பெரிய வருத்தம் அந்த மண்டை ஓடு.

செனெட் என்றால் கடந்து போவது. 30 கட்டம், வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசை, காய் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்க, கடைசி ஐந்தில்தான் முக்கியமான குறிகள். 26-இல் நெஃபெர், அதாவது நல்லது, அழகானது, அது நல்ல வீடு. 27-இல் தண்ணீர், மேலும் கீழுமாக நெளியும் கோடுகள், அவ்வளவுதான், மண்டை ஓடெல்லாம் கிடையாது. 28-இல் மூன்று உருவம், 29-இல் இரண்டு, 30-இல் சூரியனோ, ஹோரஸ் என்ற கடவுளின் பருந்தோ. செத்தவரின் ஆன்மா பாதாளத்தைக் கடந்து விடியலில் சூரியக் கடவுள் ராவோடு சேர வேண்டும், நடுவில் அந்தத் தண்ணீர். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு நெளிகோட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை அழித்துவிட்டு நீங்கள் கடற்கொள்ளையர் படம் மாதிரி ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள்.

அட்டைப்படத்துக்கு என்ன போடுவது என்று தெரியவில்லையென்றால் நெஃபெர்தாரியைப் போடுங்கள். எகிப்திய மன்னர் இரண்டாம் ராமசேஸின் பட்டத்தரசி. அரசியர் பள்ளத்தாக்கில் இருக்கும் அவளுடைய கல்லறையை 1904-இல் இத்தாலிய ஆய்வாளர் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தார். அங்கே சுவரில், மெல்லிய வெள்ளை உடையும் கழுகுத் தலையணியுமாக ஒரு பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் செங்கோல், இன்னொரு கை பலகையை நோக்கி நீண்டிருக்கிறது. எதிரே ஆளே இல்லை. யாரோடு ஆடுகிறாள்? நானும் முதலில் ஓவியர் மறந்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். அடுத்தாற்போலவே மனிதத் தலையுள்ள ஒரு பறவை நிற்கிறது, அதுதான் பா, அவளுடைய ஆன்மா. செத்தவருக்கு வழிகாட்டும் மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 17-ஆம் பகுதி, இறந்தவர் பந்தலில் அமர்ந்து செனெட் ஆடுவதையும் உயிருள்ள பாவாக வெளியே வருவதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆட்டம் முடிந்து எழுந்து போவதும் அந்த உலகத்துக்குள் போவதும் அங்கே ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் உங்களில் சிலர் உடனே எதிர்ப்பக்கம் ஓடுவீர்கள் என்பதும் தெரியும். கடையில் இருந்த இன்னொரு பெட்டி அப்படித்தான், கறுப்பு நிறம், மெழுகுவர்த்தி, ஆவிகளோடு பேசலாமாம்! அதுவும் வேண்டாம். இந்தச் சமயப் பொருள் முதல் நாளே வந்ததில்லை, காலப்போக்கில் ஏறியது, நெஃபெர்தாரி வாழ்ந்த புதிய பேரரசுக் காலத்தில்தான் நன்றாக அழுத்தமாகத் தெரிகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஜனங்கள் சும்மா பொழுதுபோக்காகவும் ஆடினார்கள். பழைய கல்லறைச் சிற்பங்களில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள், சிலவற்றில் ஒருவரை ஒருவர் சீண்டும் பேச்சுகூடப் பக்கத்தில் செதுக்கியிருக்கிறது. மன்னன் துட்டன்காமுனுக்கு யானைத்தந்தம் பதித்த பலகை, கால் விலங்கின் பாதம் மாதிரி, காய்களைப் போட்டுவைக்க இழுப்பறை வேறு. இன்னொரு பக்கம் வெறும் சுண்ணாம்புக்கல் சில்லில் கட்டம் கீறி ஆடியிருக்கிறார்கள். ஊர்ச் சத்தமும் வேண்டும், கல்லறை அமைதியும் வேண்டும், இரண்டில் ஒன்றை நீங்கள் வெட்டியெடுத்தால் அது செனெட் இல்லை.

நான் கேட்பது கொஞ்சம்தான். பெட்டியில் "அசல் விதிகள்" என்பதை எடுத்துவிட்டு, யார் அமைத்த விதி என்று பெயரோடு போடுங்கள். 27-இல் தண்ணீரைத் திரும்பக் கொடுங்கள். கடைசி ஐந்து கட்டத்துக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி என்ன பொருள் என்று எழுதுங்கள், பத்து வயசுப் பையனுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டில் நெஃபெர்தாரி படத்தைக் காட்டிய அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வியே "அப்ப தோத்தா என்ன ஆகும்?"

அப்புறம் அந்த ஆறுமுகப் பகடை. எகிப்தில் போட்டது ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டையான நாலு குச்சி. நாங்கள் உங்கள் பகடையை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் ஒரு பக்கம் தேய்த்த நாலு புளியங்கொட்டையை வைத்துத்தான் ஆடுகிறோம். நன்றாகவே விழுகிறது.

இப்படிக்கு,
27-ஆம் கட்டத்தில் அடிக்கடி விழும் ஒரு மாமா